வாங்கிய பாட்டை நண்பருக்குக் கொடுப்பது: எந்த வழியைத் தேர்வது?

பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ ஒருவர் காசு கொடுத்துப் புதுப் பாட்டு வாங்கிவிட்டார் என்று தெரிந்தால், "மாப்ள, எனக்கும் அனுப்பு" என்ற குரல் அன்றைக்கே வந்துவிடும். கேட்பதில் தப்பு இல்லை. இந்தக் கரையில் பாட்டுக் கேட்பது தனியாள் காரியமாக இருந்ததே இல்லை. ஒரு வீட்டில் இலங்கை வானொலியைத் திருப்பினால் தெருவே கேட்கும். வளைகுடாவிலிருந்து வந்த சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள்) டூ-இன்-ஒன் செட்டும் வெற்றுக் கேசட்டும் கொண்டுவந்த காலத்தில், பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கினோம். அப்புறம் மெமரி கார்டு வந்தது, பென்டிரைவ் வந்தது, இப்போது எல்லாம் போனுக்குள் இருக்கிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்று அந்த நண்பருக்குப் பாட்டைக் கொடுக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம், சிடியையே கையில் கொடுக்கலாம், ஃபைலை ப்ளூடூத்தில் தள்ளிவிடலாம், வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம், லிங்க் அனுப்பலாம், அவருக்கென்று இன்னொன்று வாங்கிக் கொடுக்கலாம். பார்க்க எல்லாம் ஒரே காரியம் போலத் தெரியும். சட்டத்துக்கு முன்னால் இவை வேறு வேறு. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போய்ச் சேரும் காசிலும் வேறு வேறு. என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய படத்துப் பாட்டு என்றால் லிங்க் போதும். சிடியோ பென்டிரைவோ விலைக்கு வாங்கியது என்றால் அதையே இரவல் கொடுங்கள். நம் பக்கத்துச் சின்னக் கலைஞரின் பாட்டு என்றால் இன்னொரு பிரதி வாங்கிக் கொடுங்கள். ஃபைலைப் பிரதி எடுத்து அனுப்புவதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2012-இல் அதில் பெரிய திருத்தம் நடந்தது. ஒரு பாட்டு என்று நாம் சொல்வதில் சட்டம் மூன்று சொத்துகளைப் பார்க்கிறது: பாட்டின் வரிகள், மெட்டும் இசையும், ஒலிப்பதிவு. பாடியவருக்குக் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இவற்றில் எதையும் இல்லை, ஒரு பிரதியை மட்டும்தான். அந்தப் பிரதி உங்களுடையது, அதைக் கேட்கலாம், பத்திரப்படுத்தலாம், தூக்கியும் போடலாம். ஆனால் அதிலிருந்து இன்னொரு பிரதி உண்டாக்குவதும், பொதுமக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உரிமைதாரரிடமே இருக்கின்றன. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். புதிதாக ஒரு பிரதி பிறக்கிறதா? பாட்டு நம் வட்டத்தைத் தாண்டிப் போகிறதா?

சேர்ந்து கேட்பதில் இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். மண்டபம் கடற்கரையில் நாலு நண்பர்கள் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்தால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. டீக்கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டால் அது வேறு. அது பொது இடம், வியாபாரம், அதற்கு உரிமம் தேவை. லாப நோக்கம் இல்லாத மன்றமோ சங்கமோ தன் நிகழ்ச்சியில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவைப்பதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. கல்யாணத்துக்கும் அப்படித்தான். மதச் சடங்கில் பாட்டு ஒலிப்பது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறது. இதற்கும் உரிமக் கட்டணம் கேட்கிறார்கள் என்று புகார் எழுந்தபோது, 2023 ஜூலையில் மத்திய அரசே பொது அறிவிப்பு கொடுத்துத் தெளிவாக்கியது. ஆக மைக்செட் கட்டிக் கல்யாண வீட்டில் தெரு முழுக்கக் கேட்க வைப்பதற்கு இடம் இருக்கிறது. அதே பாட்டை ஒருவருடைய போனுக்கு ஏற்றிவிடுவதுதான் சிக்கலான இடம். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். சட்டம் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, பிரதி பெருகுகிறதா என்பதையும் பார்க்கிறது.

அடுத்தது இரவல். சிடி, கேசட், இசைத்தட்டு, கலைஞரே பாட்டு ஏற்றி விற்கும் பென்டிரைவ் ஆகியவற்றைப் பற்றிச் சொல்கிறேன். ஒலிப்பதிவின் உரிமைதாரருக்கு மட்டும் உள்ள உரிமைகளாகச் சட்டம் சொல்வது, பிரதி எடுப்பது, விற்பது, வணிக வாடகைக்கு விடுவது, பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது. காசு வாங்காமல் நண்பருக்கு இரவல் கொடுப்பதும், பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவதும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. பாட்டு வரிகள், இசை விஷயத்தில் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: ஒருமுறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதி. பக்கத்துக் கடல்காரருக்கு வலையை இரவல் கொடுத்தால் அன்றைக்கு உங்களிடம் வலை இல்லை. இதுவும் அதே கணக்குத்தான். பாட்டு அவரிடம் இருக்கும்போது உங்களிடம் இருக்காது, ஆகையால் யாருக்கும் நட்டம் இல்லை.

இதில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நீங்கள் சிடியிலிருந்து உங்கள் போனுக்கு மாற்றி வைத்திருப்பீர்கள். உங்கள் சொந்த உபயோகத்துக்கு அப்படி எடுப்பதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் சிடியை நண்பருக்கே கொடுத்துவிட்டு, போனில் உள்ளதையும் வைத்துக்கொண்டால் ஒரு பிரதி இரண்டாகிவிட்டது. நிரந்தரமாகக் கொடுத்தால் உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடுவதுதான் நேர்மை. இரவல் வாங்கியவரும் திருப்பித் தருமுன் தன் போனுக்கு ஏற்றிக்கொண்டார் என்றால் அது இரவல் இல்லை, கீழே சொல்லப்போகும் பிரதி.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமை மீறிய பிரதிகளின் இறக்குமதியைத் தடுக்கும் பிரிவிலேயே, கொண்டுவருபவரின் சொந்த வீட்டு உபயோகத்துக்காக ஒரு பிரதிக்கு விலக்கு இருக்கிறது. ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறது. கூட்டாளிகளுக்கு என்று பத்து வாங்கிவருவது அதற்குள் வராது.

சரி, எல்லோரும் உண்மையில் செய்வது என்ன? ஃபைலை அனுப்புவது. காசு கொடுத்து இறக்கிய எம்பி3-ஐ ப்ளூடூத்திலோ வாட்ஸ்அப்பிலோ நண்பருக்குத் தள்ளிவிடுகிறோம். முதல் கேள்விக்கு இங்கே பதில் ஆம். உங்களிடம் இருந்தது அப்படியே இருக்கிறது, அவரிடம் புதிதாக ஒன்று பிறந்துவிட்டது. ஒலிப்பதிவை எந்த மின்னணு ஊடகத்திலும் சேமித்து வைப்பது உரிமைதாரரின் உரிமை என்று 2012 திருத்தம் தெளிவாக எழுதியது.

அதே திருத்தம்தான் இன்னொரு கதவையும் திறந்தது. தனிப்பட்ட, சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் கையாளுவது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் இருந்த விலக்கு, 2012-க்கு முன்னால் ஒலிப்பதிவுக்குக் கிடையாது. இப்போது உண்டு. அப்படியானால் என் உயிர் நண்பனுக்கு ஒரே ஒரு பாட்டை அனுப்புவது சொந்த உபயோகம் ஆகாதா? வாதத்துக்கு இடம் இருக்கிறது. எத்தனை பிரதி, யாருக்கு என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. நியாயமானதா என்பதை எடைபோட நீதிமன்றங்கள் பார்ப்பவை என்ன என்பதற்கு 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு நாடக வழக்கில் கொடுத்த தீர்ப்பு நல்ல வழிகாட்டி. எவ்வளவு எடுத்தார், எந்த நோக்கத்துக்கு எடுத்தார், எடுத்தது மூலத்தோடு போட்டி போடுமா. இதை நம் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். எடுத்தது முழுப் பாட்டு, ஒரு துண்டு இல்லை. நோக்கம் நட்புதான், காசு இல்லை, அது நம் பக்கம். மூன்றாவதில்தான் மாட்டுகிறது. நண்பர் கையில் முழுப் பாட்டும் வந்துவிட்டால் அவர் அதை வாங்கப்போவதில்லை. ஒரு பாட்டு என்றால் அதையும் நியாயம் என்று சொல்லிப் பார்க்கலாம், முழுத் தொகுப்பு என்றால் சொல்லவே முடியாது என்பது என் கணிப்பு.

வேறு நாடுகள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. ஜெர்மனியில் தனிப்பட்ட உபயோகத்துக்குச் சில பிரதிகள் எடுக்கலாம், நெருங்கிய நண்பருக்கும் கொடுக்கலாம். அதற்கு ஈடாக, பிரதி எடுக்கப் பயன்படும் கருவிகள் மீதும் வெற்று ஊடகங்கள் மீதும் ஒரு கட்டணம் வசூலித்துக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் தன் சொந்த சிடியைத் தன் போனுக்கு மாற்றுவதற்கே 2014 அக்டோபரில்தான் விலக்கு வந்தது, 2015 ஜூலையில் நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது, கலைஞர்களுக்கு ஈடு எதுவும் இல்லாமல் விலக்குக் கொடுத்தார்கள் என்ற வழக்கின் பேரில். நம் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, கட்டணம் இல்லை. ராமநாதபுரம் பஜாரில் நீங்கள் வாங்கும் மெமரி கார்டின் விலையில் ஒரு பைசாகூடப் பாட்டு எழுதியவருக்குப் போவதில்லை. இதனால்தான் நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதை இங்கே இன்னும் யோசித்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

2012 திருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதற்கு முன்பு பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் எல்லா உரிமையையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போவது சாதாரணம். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர, மற்ற எந்தப் பயன்பாட்டிலும் வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு, அதை அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று இப்போது சட்டமே காக்கிறது. அவ்வளவு போராடிக் கிடைத்த பங்கு, கணக்கில் வரும் பயன்பாட்டுக்குத்தான். ப்ளூடூத்தில் போனது எந்தக் கணக்கிலும் வராது.

"பழைய பாட்டுதானே, அதற்கு என்ன உரிமை" என்று ஒரு பேச்சு உண்டு. ஒலிப்பதிவின் உரிமை வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுளும், அவர் இறந்த பின் 60 ஆண்டும். ஆகவே பதிவு பொதுவாகிவிட்டாலும் பாட்டு பொதுவாகியிருக்காது. பழசு என்பதாலேயே தாராளமாக அனுப்பலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவருக்கு அனுப்புவதில் வாதம் செய்ய இடம் இருந்தது. குரூப்பில் போடும்போது அந்த இடமும் போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபைலைப் போட்டால், பிரதியும் பெருகுகிறது, வட்டமும் தாண்டுகிறது. பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், யாராவது உண்மையில் கேட்டார்களா என்பது பொருட்டே இல்லை. கேட்கும்படி வைத்தாலே போதும். டெலிகிராம் சானலும் அப்படித்தான், பொதுவில் திறந்து வைத்த டிரைவ் ஃபோல்டரும் அப்படித்தான்.

காசு வாங்கிக்கொண்டு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடையை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். அது பகிர்வு இல்லை, வியாபாரம். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகவோ தொழிலாகவோ செய்யவில்லை என்றால், சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இந்தக் குற்றம் போலீஸ் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய வகை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2004-இல், தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. கடை வைத்திருக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற செயலியில் உள்ள பாட்டின் லிங்க்கை அனுப்புவதில் பிரதி பிறப்பதில்லை. நண்பர் அதைத் தொட்டால், உரிமம் பெற்ற இடத்திலிருந்து அவரே கேட்கிறார். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டாலும் அது கணக்கில் ஏறுகிறது, உரிமைதாரர் பக்கம் ஒரு சிறு தொகை போகிறது. சட்டத்திலும் சுத்தம், செலவும் இல்லை. அதனால்தான் படப் பாட்டுக்கு இதை முதலில் வைத்தேன்.

ஆனால் நம் கரைக்கு இதில் இரண்டு குறைகள் உண்டு. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், ராத்திரி முழுக்கக் கடலில் இருப்பவருக்கு லிங்க் பிரயோஜனம் இல்லை. சந்தா கட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையில் அப்படி இறக்கினால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வர வேண்டும், அது படகுக்காரருக்குப் பெரிய தொல்லை இல்லை. இரண்டாவது குறைதான் பெரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வருமானம் நிற்கும், மாதச் சந்தாவைத்தான் முதலில் நிறுத்துவோம். நிறுத்தினால் இறக்கி வைத்த பாட்டெல்லாம் பூட்டிக்கொள்ளும். விலைக்கு வாங்கிய பாட்டு அப்படிப் பூட்டிக்கொள்ளாது. வருமானம் ஏறி இறங்கும் வீட்டில், பிடித்த பத்துத் தொகுப்புகளை விலைக்கு வாங்கி வைப்பதும் மற்றதை இலவசமாகக் கேட்பதும் சந்தாவைவிடக் கட்டுப்படியாகும்.

குடும்பச் சந்தாவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று படகில் ஒன்றாகப் போகிறவர்கள் கேட்பதுண்டு. ஆப்பிள் மியூசிக்கில் 6 பேர் வரை, யூடியூபில் உங்களோடு இன்னும் 5 பேர் சேரலாம். ஆனால் யூடியூப் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. ஒரே படகு என்பது ஒரே வீடு ஆகாது. பாஸ்வேர்டைக் கொடுப்பது ஒப்பந்த மீறல். அதோடு தனிநபர் சந்தாவில் நீங்கள் கேட்க ஆரம்பித்தால் அவருக்கு நின்றுபோகும். செயலிக்குள் பூட்டியிருக்கும் பாட்டை ஏதாவது மென்பொருளால் உடைத்து எடுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கே 65ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

மிச்சம் இருப்பது இன்னொரு பிரதி வாங்கிக் கொடுப்பது. செலவு உள்ள ஒரே வழி இதுதான், அதனால் எல்லாப் பாட்டுக்கும் சொல்லவில்லை. பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் வாங்கும்போதே நண்பரின் மின்னஞ்சலுக்குப் பரிசாக அனுப்ப வசதி இருக்கிறது, பூட்டு இல்லாத ஃபைலாகவும் கிடைக்கும். சில கலைஞர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறார்கள், அவற்றை நிபந்தனைப்படி யாருக்கும் அனுப்பலாம்.

நான் அதிகம் நினைப்பது ஏர்வாடி சந்தனக்கூட்டிலும், ஓரியூர் திருவிழாவிலும், கோயில் கொடைகளிலும் தன் சொந்தச் செலவில் பாட்டுப் பதிந்து விற்கிற ஆளை. பதிவுக்கூடத்துக்கு, வாத்தியக்காரருக்கு, பிரதி போடுவதற்கு எல்லாம் கைக்காசு. கம்பெனி இல்லை, ராயல்டி கணக்கு இல்லை, விற்கிற பிரதிதான் அவருக்குத் திரும்பும் காசு. ஒரு படத்துப் பாட்டின் ஃபைல் ஒன்று கைமாறினால் தெரியாமல் போகலாம். ஐந்நூறு பிரதி போட்ட மனிதரின் பாட்டை ஊர் குரூப்பில் போட்டால் அவர் விற்பனை அங்கேயே முடிந்தது, அடுத்த பதிவும் வராது. நண்பருக்கு அந்தப் பாட்டு பிடிக்கும் என்று தோன்றினால் வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள்.

பரப்பினால் போதும் என்று நினைக்கும் கலைஞரும் உண்டு. அப்படி அவர் சொன்னால் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உரிமம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் கையில் சான்று இருக்கும். அதோடு ஒன்று கேளுங்கள்: மெட்டு யாருடையது? பக்திப் பாட்டில் பாதி படப்பாட்டு மெட்டில் வருகிறது. வரி அவருடையது, குரல் அவருடையது, மெட்டு வேறொருவருடையது என்றால் அந்த மெட்டுக்கு அவர் அனுமதி தர முடியாது. சொந்த மெட்டு என்றால், ஒருவருக்கா, குரூப்புக்கா, எதுவரை அனுப்பலாம் என்பதையும் அந்த ஒரு வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.